முன் சீட்டு சரக்குக்காரருக்கு

டெமோ வண்டியை மலைக்கு ஏற்றக் கூடாது. லோடு வைத்து ஓட்டக் கூடாது. பின்னால் ஆட்களை உட்கார வைக்கக் கூடாது. எங்கள் ஷோரூமில் டெமோ சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் இந்த மூன்றும் எழுதி ஒட்டியிருக்கும். எழுதி ஒட்டியவன் நான்தான். ஒரே நாளில் மூன்றையும் மீறியவனும் நான்தான்.

மறுநாள் காலையில் மேனேஜர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவர் சென்னைக்காரர். மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன ஏழுமலை, வண்டியில எதாவது செத்துக் கெடக்கா?"

"கருவாடு சார்."

"டெமோ வண்டியிலயா?"

"உப்பு மூட்டையும் இருந்துச்சி சார்."

உப்பைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவர் என்னைப் பேசிய பேச்சு வெளியே டயர் மாற்றிக்கொண்டிருந்த பையன்கள் வரைக்கும் கேட்டது. நான் தலையைக் குனிந்து நின்றேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். ஏன் என்று சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் பிக்கப் வண்டி விற்று விற்றே எனக்குத் தலை நரைத்தது. இப்போது ஓய்வில் களமருதூரில் நெல்லைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இன்றைக்கும் ஷோரூமில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் போன் போட்டு, "அண்ணா, எந்த வேரியண்ட்ட தள்ளுனா பார்ட்டி சீக்கிரம் க்ளோஸ் ஆவும்?" என்று கேட்கிறார்கள். தள்ளுகிறதாம்! பழுதான வண்டியையா தள்ளப் போகிறாய், மடையா என்று திட்டிவிட்டு, இந்தக் கதையைத்தான் சொல்வேன். போனில் ஒவ்வொருவனுக்கும் சொல்லித் தொண்டை வற்றிப் போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. பேஸ், மிடில், டாப்

நாங்கள் விற்ற வண்டி அப்போது மூன்று விதமாக வந்தது. எஞ்சின் ஒன்றேதான். லோடு ஏற்றுகிற பாடியும் ஒன்றேதான். வித்தியாசமெல்லாம் கேபினுக்குள்.

பேஸ் மாடலில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. லோடு ஏற்றி வளைவில் திருப்ப வேண்டுமென்றால் கையில் பலம் வேண்டும். ஆனால் முன்னால் நீளமாக ஒரே பெஞ்சு சீட்டு. டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் உட்காரலாம், ஆர்.சி. புத்தகத்திலும் மூன்று பேர் என்றே வரும். டாப் மாடலில் பவர் ஸ்டீயரிங், ஏசி, பாட்டு எல்லாம் உண்டு. சீட்டு தனித்தனியாக இரண்டு, சாய்ந்தால் முதுகைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் இரண்டே பேர்தான்.

நடுவில் மிடில் என்று ஒன்று இருந்தது. பவர் ஸ்டீயரிங் உண்டு, சீட்டு டாப் போலவே இரண்டு, ஏசியும் பாட்டும் இல்லை. அதை யாரும் கேட்க மாட்டார்கள், நாங்களும் எடுத்துச் சொல்ல மாட்டோம். கல்யாணப் பந்தியில் கடைசியாக வருகிற ரசம் போல அது பாட்டுக்கு நோட்டீஸில் இருக்கும்.

யார் எதை வாங்குவார்கள் என்பது ஆள் உள்ளே நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு மிதப்பு இருந்தது. மணலூர்பேட்டைக் கரும்புக்காரர்கள் டாப்தான் கேட்பார்கள். சம்பந்தி வீட்டில் டாப் நிற்கிறதே, அதைவிடக் கம்மியாக எப்படி வாங்குவது? எங்கள் களமருதூர்ப் பக்கத்து நெல்லுக்காரர்கள் பேஸ். "இன்னாத்துக்கு சார் பாட்டு? எஞ்சின் சத்தமே பாட்டுதான்" என்பார்கள். எல்லோரும் கும்பலாக வருவார்கள். ஆண்கள் வண்டியைச் சுற்றி நின்று டயரை உதைத்துப் பார்ப்பார்கள். பெண்கள் சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் அவர்களுக்குக் கூல்டிரிங்ஸ் கொடுப்போம். வேறு எதுவும் கேட்க மாட்டோம்.

அந்த ஷோரூமை நினைத்தால் இன்றைக்கும் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. புது வண்டியின் ரப்பர் வாசனை, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு செருப்பை வெளியே கழற்றிவிட்டு வருகிற ஜனங்கள். "செருப்போட வாங்க" என்றாலும் வர மாட்டார்கள். அந்த வெயிலில் கம்பெனி எங்களுக்கு டை வேறு கட்டிவிட்டிருந்தது.

2. பேஸ் கேட்ட புருஷன், டாப் கேட்ட பெண்டாட்டி

சவரிமுத்துவும் ஆரோக்கியமேரியும் கச்சிராயபாளையம் பக்கத்து ஊர்க்காரர்கள். சவரிமுத்து வருஷக்கணக்காக அடுத்தவர் வண்டியை மலை ரூட்டில் ஓட்டியவர். மேரி மலைக்கு உப்பும் கருவாடும் கொண்டுபோய் விற்றுவிட்டு, வரும்போது அங்கிருந்து புளியும் பலாவும் வாங்கி வந்து கள்ளக்குறிச்சியில் விற்பவர். நாலைந்து பெண்களோடு சேர்ந்து வாடகை வண்டி பிடித்துப் போய்வந்துகொண்டிருந்தார். இப்போது சொந்தமாக வண்டி எடுக்கலாம் என்று வந்திருந்தார்கள். வண்டியை அவர் ஓட்டுவார், வியாபாரம் மேரியுடையது. மூட்டை ஏற்றி இறக்க மேரியின் தம்பி ஸ்டீபன். அவனும் கூடவே வந்து சோபாவில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே வரும்போதே சண்டைதான்.

"பேஸ் போதும் சார். எழுதிக்கோங்க" என்றார் சவரிமுத்து.

"யோவ், கம்முனு இருய்யா. சார், டாப்பு சொல்லுங்க."

"இன்னாத்துக்குடி டாப்பு? ஏசி போட்டு கருவாட்ட காப்பாத்தப் போறியா?"

"ஆமா, கருவாட்டுக்கு வேர்க்குது, அதான்."

பக்கத்தில் வண்டி பார்க்க வந்தவர்களெல்லாம் இதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் வழக்கம்போலக் கணக்குப் போட்டேன். புருஷன் கஞ்சன், பெண்டாட்டிக்கு ஆசை. டாப் போனால் எனக்கும் நல்லது. நான் மேரி பக்கம் சாய்ந்து பேசினேன். சவரிமுத்துவுக்குக் கோபம் வந்து, "நீங்களே பேசிக்கினு இருங்க" என்று டீக்கடைக்குப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் மேரியின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், அவருக்கு வலது தோளு போயிடுச்சி. இத்தினி வருசம் அந்த மொரட்டு ஸ்டீயரிங்க மலை வளைவுல ஒடிச்சி ஒடிச்சி, இப்ப சட்ட மாட்டறதுக்கே நான் கைய புடிச்சி வுடணும். தைலம் தேய்க்காம ஒரு நாளு தூங்கறதில்ல. பேஸ் எடுத்தா ஒரு வருசத்துல அந்தக் கை ஒண்ணுத்துக்கும் ஆவாது. இத்த நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ரோஷம் ஜாஸ்தி. வண்டியே வேணாம்னு பூடுவாரு."

நான் டீக்கடைக்குப் போனேன். சவரிமுத்து டீயை இடது கையில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"சார், மலை ரூட்டுல எனக்கு ஒரு பேரு உண்டு. முன் சீட்டு சரக்குக்காரருக்குத்தான். லோடு யாருதோ அவுங்க டிரைவர் பக்கத்துல குந்தணும். அதான் ரூட்டு வழக்கம். இத்தினி வருசத்துல ஒரு சரக்குக்காரரகூட நான் பின்னாடி குந்த வெச்சதில்ல."

"சரிங்க. அதுக்கும் பேஸ் மாடலுக்கும் இன்னா சம்பந்தம்?"

டம்ளரைக் கீழே வைத்தார். "டாப்புல ரெண்டு சீட்டுதான சார்? நான் ஒண்ணு. ஸ்டீபன் ஒண்ணு. ஆம்பள புள்ளய மூட்ட மேல குந்துடான்னு அவளே சொல்ல மாட்டா. தம்பின்னா உசிரு. 'அவன் குந்தட்டும், நான் பின்னாடி சரக்க புடிச்சிக்கினு வர்றேன்'னு ஏறிடுவா. வாடவ வண்டியில அப்படித்தான் போய்க்கினு இருக்கா. போன மழையில ஒரு வளைவுல மூட்டையோட சரிஞ்சி இடுப்புல அடி. இன்னும் ராவுல பொரண்டு படுக்க முடியல. நம்ம வண்டியிலயும் அவ பின்னாடியே குந்தணும்னா, நமக்கு எதுக்கு சார் சொந்த வண்டி?"

டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இத்த அவகிட்ட சொல்லிடாதீங்க சார். எனக்குப் பரிதாபம் பாக்கறியான்னு சண்டைக்கு வருவா."

ஷோரூமுக்குத் திரும்பி நடக்கும்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பேஸ் எடுத்தால் அவர் தோள் போகும். டாப் எடுத்தால் மேரியின் இடுப்பு போகும். இரண்டு பேரும் என்னிடம் சத்தியம் வாங்காத குறைதான். விற்கிறவனுக்கு எந்த வண்டி என்றாலும் விற்பனைதான். ஆனால் அன்றைக்கு எனக்கு எதை விற்கவும் கை வரவில்லை. தப்பான வண்டியை இவர்கள் தலையில் கட்டிவிட்டால் ராத்திரி தூக்கம் வராது என்று பட்டது.

3. கருவாட்டு டெமோ

"டாப்ப ஓட்டிப் பாருங்க, அப்பால பேசிக்கலாம்" என்று டெமோ சாவியை எடுத்தேன்.

"இந்த ரோட்டுல ஓட்டி இன்னா சார் தெரியும்? மலையில லோடோட ஓட்டுனாதான் தெரியும்" என்றார் சவரிமுத்து. நியாயம்தான். மேனேஜர் அன்றைக்கு மீட்டிங்குக்காக விழுப்புரம் போயிருந்தார். அதுவும் வசதியாகப் போயிற்று.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி அவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். ஸ்டீபன் நிமிஷத்தில் உப்பு மூட்டைகளையும் கருவாட்டு மூட்டைகளையும் ஏற்றினான். நான் வழக்கம்போல முன்னால் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். டெமோவில் சேல்ஸ் ஆள் முன்னால்தான் உட்காருவான். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், மேரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டயரில் ஒரு கால், பாடியில் ஒரு கால் என்று ஏறி மூட்டை மேல் ஸ்டீபன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. அதுதான் தன் இடம் என்பதுபோல ஏறினார்.

மலை ஏற ஆரம்பித்தது. முதல் வளைவில் சவரிமுத்து பழைய பழக்கத்தில் உடம்பையே முன்னால் கொடுத்து ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி தேவைக்கு மேல் திரும்பிவிட்டது. "அய்யயோ!" என்று சிரித்தார். இரண்டாவது வளைவில் ஒரு கையால் திருப்பினார். அப்புறம் இரண்டு விரலால். சின்னப் பிள்ளைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"வெண்ண மாதிரி கீது சார். ஆனா பேஸே போதும்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இன்னும் என்ன பிடிவாதம் என்று திரும்பியபோதுதான் கவனித்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் கண் ரோட்டைப் பார்த்துவிட்டு உடனே மேலே இருக்கிற கண்ணாடிக்குப் போனது. பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. அவர் பார்த்தது மேரியை. நானும் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கேபின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பக்க இடுப்பைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். குலுங்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"வண்டிய நிறுத்துங்க" என்று கத்தினேன். அவர் பயந்துபோய் ஓரம் கட்டினார்.

நான் இறங்கிப் பின்னால் போனேன். "எறங்கி முன்னாடி போங்கம்மா."

"அய்ய, வேணாம் சார். எனக்குப் பழக்கம்."

"எறங்குங்கன்றேன்ல."

"மூட்ட மேல குந்துனா பேண்ட்டு பாழாப்பூடும் சார்."

"என் பேண்ட்டு, நான் பாத்துக்கறேன்."

டையோடு மூட்டை மேல் ஏறி ஸ்டீபன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் எத்தனை பிக்கப் விற்றிருப்பேன், அதன் பின்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பேலோடு எவ்வளவு, பாடி நீளம் எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அங்கே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எந்த நோட்டீஸிலும் போடவில்லை. கம்பி வெயிலில் காய்ந்து கையைச் சுட்டது. வளைவில் வண்டி ஒரு பக்கம் போனால் உடம்பு இன்னொரு பக்கம் போனது. டை பறந்து வந்து மூஞ்சியில் அடித்தது. கருவாட்டு நாற்றம் தலைக்குள் ஏறியது. ஒரு குலுக்கலில் முதுகெலும்பு அடி வரை வலித்தது. சரிந்து போய் ஸ்டீபன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூட்டைய காலால அண குடுங்க சார்" என்றான் அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். இந்தக் குலுக்கலில் எப்படிப் போன் பார்த்தானோ!

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். இரண்டு தலை தெரிந்தது. மேரி கையை ஆட்டி ஆட்டி எதையோ பேசிக்கொண்டிருந்தார். சவரிமுத்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கண்ணாடியைத் தட்டி, "ரோட்ட பாத்து ஓட்டுங்க!" என்றேன்.

மலைமேல் இருக்கிற வெள்ளிமலை ஊருக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. நான் இறங்குவதற்குள் மேரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"இன்னா சார் நீங்க? இந்த ஆளு எனக்காவ பேஸ் கேட்டாராமே! உங்களுக்குத் தெரியுமாமே!"

"இவ என் தோளுக்காவ டாப் கேட்டாளாம். அதுவும் உங்களுக்குத் தெரியுமாம்" என்றார் சவரிமுத்து. "ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு கம்முனு இருந்துக்கினீங்களே சார்!"

நல்ல நியாயம்! என்னைப் பேசக் கூடாது என்று கட்டிப்போட்டவர்களே இப்போது ஒன்று சேர்ந்துகொண்டு என்னைத் திட்டினார்கள். நான் பேண்ட்டில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டேன்.

"சவரிமுத்து, ஒண்ணு கேக்கறேன். இந்த உப்பும் கருவாடும் யாருது?"

"அவளுதுதான்."

"எறங்கும்போது ஏத்துற புளியும் பலாவும்?"

"அதுவும் அவளுதுதான். வியாபாரமே அவளுதுதான சார்?"

"மலை ரூட்டுல முன் சீட்டு யாருக்கு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே மேரியைப் பார்த்தார். அந்த மனிதர் எத்தனையோ மண்டிக்காரரை, வியாபாரியைக் கதவைத் திறந்து முன்னால் உட்கார வைத்தவர். தன் வீட்டிலேயே ஒரு சரக்குக்காரர் இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. எனக்கும்தான்.

"சரக்குக்காரங்களுக்கு" என்றார்.

"அப்ப ஸ்டீபன்?" என்றார் மேரி. இன்னமும் தம்பிதான் அவருக்கு.

ஸ்டீபன் முதல் தடவையாகப் போனைச் சட்டைப்பையில் வைத்தான். "நான் பைக்ல வர்றேன்க்கா. எனக்கு அதான் புடிக்கும். ஷோரூம்லயே கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். என்ன யாராச்சும் கேட்டீங்களா?"

மேரி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"சார், ஏசி இல்லாம, கைக்கு லேசா, ரெண்டு சீட்டோட வண்டி இல்லியா? மலைக்காத்து சும்மா வருது. கண்ணாடிய ஏத்திவுட்டு நான் இன்னா பண்ணப் போறேன்?"

நோட்டீஸில் ரசம் போல உட்கார்ந்திருந்த மிடில் மாடல் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

4. பெரிய சாவி

டெலிவரி அன்றைக்கு ஷோரூமில் ஒரு சடங்கு உண்டு. அட்டையில் செய்த பெரிய சாவியை மேனேஜர் வண்டி வாங்குகிறவர் கையில் கொடுப்பார். எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் போட்டோக்கள் சுவர் முழுக்க இருக்கும். எல்லாவற்றிலும் ஆண்கள்தான் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பெண்கள் ஓரத்தில், பாதி முகம் தெரியும்.

அன்றைக்கு ஊர்ப் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். எங்கள் ஆட்கள் விடுவார்களா? டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். சவரிமுத்து இரண்டையும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். உள்ளே கண்ணாடியில் ஜெபமாலையைக் கட்டினார். பிறகு இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மேரி ஏறி உட்கார்ந்தார். புது சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறை சரசரவென்றது.

"வாங்கம்மா, போட்டோ எடுத்துடலாம்" என்றார் மேனேஜர் பெரிய சாவியோடு.

"நான் எறங்க மாட்டேன்."

"ஒரே நிமிஷம்மா."

"சாவிய அவருகிட்ட குடுங்க சார். போட்டோ இங்கியே எடுங்க. எத்தினியோ வருசம் பின்னாடி குந்துனேன், ஒருத்தரும் போட்டோ எடுக்கல."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கேமராவை எடுத்தேன். ஜன்னலில் மேரியின் முகம், வெளியே சாவியை இடது கையில் பிடித்துக்கொண்டு சவரிமுத்து. என் கண் கலங்கி இரண்டு தடவை ஆடிப்போய், மூன்றாவதுதான் சரியாக விழுந்தது. ஓய்வு பெறும்போது சுவரிலிருந்து நான் கேட்டு வாங்கிவந்தது அந்த ஒரு படம்தான்.

அதற்குப் பிறகு என்னிடம் வண்டி பார்க்க வந்த யாருக்கும் நான் முதலில் மைலேஜ் சொன்னதில்லை. எல்லோரையும் உட்கார வைத்து, சோபாவில் இருக்கிறவர்களையும் கூப்பிட்டு, "வண்டியில யார் யாரு போவீங்க, யாரு எங்க குந்துவீங்க?" என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்வி விழுந்ததும் குடும்பத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையிலேயே எந்த வேரியண்ட் என்று தெரிந்துவிடும். பேஸா, மிடிலா, டாப்பா என்பதெல்லாம் அப்புறம்தான். புதிதாக வருகிற பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு வேலையாகக் கச்சிராயபாளையம் போயிருந்தேன். திரும்பி வர டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பிக்கப் வந்து எனக்கு முன்னால் பிரேக் போட்டு நின்றது. மழையிலும் வெயிலிலும் பெயிண்ட் மங்கிப்போய், பின்னால் புளி மூட்டை. இடது பக்க ஜன்னலில் மேரி. தலையில் நரை தெரிந்தது. அந்தப் பக்கமிருந்து சவரிமுத்து வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி எனக்குக் கும்பிடு போட்டார். வலது கையை!

"சார், கள்ளக்குறிச்சிக்கா? ஏறுங்க, கொண்டாந்து வுடறோம்!" என்றார் மேரி.

எனக்கு இருந்த சந்தோஷத்தில் இடது பக்கக் கதவுக்கே போய்விட்டேன். கைப்பிடியில் கையும் வைத்துவிட்டேன்.

மேரி அசையவில்லை. சிரித்துக்கொண்டே கட்டை விரலால் பின்பக்கத்தைக் காட்டினார்.

"அங்க குந்துங்க சார். சரக்கு என்னுது."